கருனியும் பிணைய இயக்கியும்



கணினி இன்று வீடுதோறும் புகுந்துவிட்டது. ஆயினும் அதனுள்ளே ஆள்வது யாது, ஏவல் கேட்பது யாது, வாயில் காப்பது யாது என்பது அதனை நாள்தோறும் கையாள்வார்க்கும் பெரும்பாலும் விளங்குவதில்லை. ஒரு நாள் வலைத்தொடர்பு அற்றுப் போகும்பொழுதுதான், 'உள்ளே ஏதோ ஒன்று பழுதாயிற்று' என்னும் அளவிற்கேனும் எண்ணம் செல்கின்றது. அந்த 'ஏதோ ஒன்று' இன்னதென்று தெளிவாக அறிந்து கொள்வதே இவ்வுரையின் நோக்கம்.

வித்தின் உள்ளீடு கரு. அதுபோல் இயங்குதளத்தின் உள்ளீடு கருனி. கெர்னல் என்று ஆங்கிலத்தில் வழங்குவது இதுவே. நினைவகத்தைப் பங்கிடுவதும், செயலியின் பொழுதை நிரல்களுக்கு அளந்து கொடுப்பதும், வன்பொருள்கள் அனைத்தையும் தன் ஆணைக்குள் வைத்திருப்பதும் கருனியின் பணிகள். ஆனால் கருனிக்கு எல்லா வன்பொருள்களின் மொழியும் தெரியாது, தெரியவும் வேண்டுவதில்லை. ஒவ்வொரு வன்பொருளுக்கும் உரிய மொழியறிந்து, கருனியின் ஆணையை அதற்குச் சொல்லி, அதன் விடையைக் கருனிக்குச் சொல்லும் இடையாள் ஒன்று உண்டு. அதற்கு இயக்கி என்று பெயர். பிணைய அட்டையை இயக்கும் இயக்கி பிணைய இயக்கி. அந்த இயக்கியைக் கருனியுள் முறையாகப் பொருத்தி அமைத்துக் கொள்ளுதல் ஒரு கலை. அது தெரியாதவிடத்து நேரும் இழப்பும் சிறிதன்று.

முதற்கண் பிணைய அட்டை செய்யும் வேலையைக் காண்போர்க்கே இயக்கியின் வேலை விளங்கும். கம்பி வழியாக வரும் மின்துடிப்புகளை அட்டை வாங்கிப் பொதிகளாகச் சேர்க்கின்றது. நினைவகத்தில் வளையம்போல் அடுக்கப்பட்ட இடையகங்கள் எங்கெங்கே உள்ளன என்பதை இயக்கி முன்னரே அட்டைக்குச் சொல்லி வைத்திருக்கும். அட்டை, செயலியின் கையை எதிர்பாராது, பொதியை நேரே அவ்விடையகத்தில் இட்டுவிடும். இட்டபின் 'வந்துவிட்டது' என்று செயலியைத் தட்டும். இத்தட்டலுக்குக் குறுக்கீடு என்று பெயர். செயலி தான் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு இயக்கியை அழைக்க, இயக்கி பொதியை எடுத்துக் கருனியின் பிணைய அடுக்கினிடம் ஒப்படைக்கும்.

பொதிகள் சிலவாக வரும்வரை இம்முறை நன்றே. பலவாக வருங்கால் என்னாகும்? நொடிக்குப் பத்து மெகாபிட்டு விரைவுள்ள ஈதர்நெட்டில், மிகச் சிறிய பொதிகளாகவே வருமாயின், நொடிக்கு ஏறத்தாழ 14,880 பொதிகள் வரக்கூடும். ஒரு கிகாபிட்டு விரைவுள்ள கம்பியிலோ அவ்வெண் 14,88,095 ஆகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டல் என்றால், செயலி தட்டலுக்கு விடை சொல்வதன்றி வேறொன்றும் செய்யவியலாது திணறிப் போகும். இதற்கு வழி கண்டோர் சாமல் ஆதி சலீம், இராபர்ட்டு ஓல்சன், அலெக்சி குசுனெத்சோவ் என்னும் மூவர். 2001ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட முறை நேப்பி என்னும் பெயரால் இலினக்சுக் கருனியில் இடம்பெற்றது. விருந்தினர் ஒருவர் இருவராக வரின், கதவு தட்டும் ஒலி கேட்டு எழுந்து சென்று திறக்கலாம். ஊரே திரண்டு வரின், கதவைத் திறந்து வைத்து வாயிலிலேயே நின்று வரவேற்பதே முறை. நேப்பி செய்வதும் அதுவே. முதல் தட்டல் வந்ததும் இயக்கி மேற்கொண்டு தட்டுவதை நிறுத்தி வைக்கும். பொதிகளை ஓர் அளவிற்கு உட்பட்டுத் தானே சென்று எடுத்துக்கொள்ளும். வளையம் வெறுமையானபின் தட்டலை மீண்டும் திறந்துவிடும். எளிய எண்ணம், ஆனால் பெரும் பயன்.

இனி, இவ்வியக்கிகள் பிறந்த வரலாற்றைச் சிறிது காண்க. 1991ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 25ஆம் நாள், பின்லாந்து நாட்டு எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த 21 அகவை இளைஞர் இலினசு தோர்வால்சு, தாம் ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக உலகிற்கு அறிவித்தார். 1992இல் அது குனூ பொது உரிமத்தின்கீழ் வந்தது. அஃதாவது, மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் அளிக்கலாம் என்றாயிற்று. அதே ஆண்டு இராசு பீரோ என்பார் முதற் பிணைய நிரலை எழுதினார். அவர்க்குப் பின் பிரெட்டு வான் கெம்பென் அப்பணியை ஏற்றார். அவர்க்குப் பின் வேல்சு நாட்டுச் சுவான்சீயிலிருந்த ஆலன் காக்சு அதனைச் சீர்செய்து உறுதிப்படுத்தினார். ஒருவர் இட்ட அடிப்படையின்மேல் மற்றொருவர் சுவர் எழுப்ப, மற்றும் ஒருவர் கூரை வேய்ந்த கதை இது.

அட்டைகளுக்கான இயக்கிகளைப் பொறுத்தவரை மறக்கவியலாத பெயர் தானல்டு பெக்கர். அந்நாளில் சந்தையிலிருந்த பற்பல ஈதர்நெட்டு அட்டைகளுக்கு இயக்கி எழுதியவர் அவர். அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் கோடார்டு நடுவத்தில், 1994ஆம் ஆண்டு அவரும் தாமசு சுடெர்லிங்கும் சேர்ந்து, விலைமலிந்த 486 வகைச் செயலி கொண்ட 16 கணினிகளைப் பிணைத்து ஒரே பெருங்கணினிபோல் இயங்கச் செய்தனர். பேயோவுல்பு என்பது அதன் பெயர். அதில் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. செயலிகளின் விரைவுக்கு அந்நாளைய பத்து மெகாபிட்டு ஈதர்நெட்டு ஈடுகொடுக்கவில்லை. விரைவான பிணையம் வாங்கப் பெரும்பொருள் வேண்டும். பெக்கர் செய்தது யாது? இயக்கிகளைத் திருத்தி, ஒன்றுக்கு மேற்பட்ட ஈதர்நெட்டுத் தடங்களை ஒரே தடம்போல் இணைத்துப் பொதிகளைப் பங்கிட்டு அனுப்பினார். மூலநிரல் அவர் கையில் இருந்தது. ஆகலின் அது முடிந்தது. இயக்கி பூட்டிய பெட்டியாக இருந்திருப்பின், விற்றவனை வேண்டிக் காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. கணினிகளைக் கூட்டாகப் பிணைக்கும் அம்முறை பின்னர் எங்கும் பரவிற்று. 2017ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வெளியான உலக மீக்கணினிப் பட்டியலில் இருந்த 500 கணினிகளும் இலினக்சிலேயே இயங்கின.

அக்காலத்தில் ஒரு பிணைய அட்டையைக் கருனிக்கு அறிமுகப்படுத்துவது எளிதாக இல்லை. ஐஎசுஏ என்னும் பழைய தடத்தில் செருகப்பட்ட அட்டைகள், தாம் யார் என்று தாமே சொல்லா. எந்த வாயில் எண்ணில் அட்டை அமர்ந்துள்ளது, எந்தக் குறுக்கீட்டு எண்ணைக் கொண்டுள்ளது என்பவற்றை அட்டையின்மேல் உள்ள சிறு இணைப்புத் துண்டுகளை மாற்றியமைத்து ஆளே முடிவு செய்ய வேண்டும். என்இ2000 என்னும் வகை அட்டைகள் பெரும்பாலும் பதினறும எண்முறையில் 300 என்னும் வாயிலில் அமரும். குறுக்கீட்டு எண்ணாக 3 என்று வைத்தால் இரண்டாம் தொடர்வாயிலோடு மோதும். 7 என்று வைத்தால் அச்சுப்பொறியின் வாயிலோடு மோதும். எவரிடத்தும் மோதாத எண்ணைத் தேடிக் கொடுப்பதே பாதி வேலை.

இயக்கி தானே தேடிக் கண்டுபிடிக்கக் கூடாதா என வினவலாம். தேடும், ஆனால் அத்தேடலே கேடாக முடிவதுண்டு. இருட்டறையில் கைக்குத் தட்டுப்பட்டதையெல்லாம் தடவிப் பார்ப்பவன், தேடிய பொருளைத் தொடுமுன் தேளைத் தொடக்கூடும். வேறொரு கருவியின் வாயிலை இயக்கி படித்துப் பார்த்த அளவிலேயே அக்கருவியின் நிலை மாறி, கணினி முழுதும் அசையாது நின்றுவிடுவது அந்நாளில் நேர்ந்தது. ஆகலின், இன்னின்ன வாயில்களைத் தொடாதே என்று தொடக்க ஆணையிலேயே கருனிக்கு எழுதித்தர ஒரு வழி வைத்தனர். தானாகத் தேடும்பொழுது ஓர் அட்டையைக் கண்டவுடன் கருனி தேடலை நிறுத்திக்கொள்ளும். இரண்டாம் அட்டை இருந்தால் அதனையும் தேடுமாறு தனியே ஆணை எழுத வேண்டும். இரண்டு அட்டை பூட்டி ஒன்றே தெரிகின்றது என்று அந்நாளில் மயங்கியோர் பலர். அட்டையில் குற்றமில்லை; கேட்காததைக் கருனி செய்யவில்லை, அவ்வளவே.

பின்னர்ப் பிசிஐ என்னும் தடம் வந்தது. அதில் செருகும் ஒவ்வொரு கருவியும் தன்னை ஆக்கியவர் எண்ணையும் தன் வகை எண்ணையும் தன்னுள் பொறித்து வைத்திருக்கும். இன்டெல் நிறுவனத்தின் எண் பதினறும முறையில் 8086. அந்நிறுவனம் 1978இல் வெளியிட்ட செயலியின் பெயரும் அதுவே. ஒவ்வோர் இயக்கியும் தான் எந்த எந்த எண்களுக்கு உரியது என்னும் பட்டியலைத் தன்னுள் வைத்திருக்கும். கருவி தன் எண்ணைச் சொல்ல, அவ்வெண்ணுக்குரிய இயக்கியைக் கருனி கொணர்ந்து பொருத்தும். தேடித் தடவும் இடர் நீங்கிற்று.

ஆயினும் எண் ஒன்றாக இருந்தே ஆள் வேறாக இருப்பதும் உண்டு. இரியல்டெக்கு நிறுவனத்தின் 8139 என்னும் சில்லுக்கு இலினக்சில் இரண்டு இயக்கிகள் உள. பழைய சில்லுக்கு ஒன்று. மேம்பட்ட பிந்திய சில்லுக்கு ஒன்று. இரண்டு சில்லுகளுக்கும் ஆக்கியவர் எண்ணும் வகை எண்ணும் ஒன்றே. திருத்த எண் மட்டுமே வேறு. அத்திருத்த எண் பதினறும முறையில் 20 அல்லது அதற்கு மேற்பட்டதாயின் பிந்திய இயக்கி, குறைவாயின் முந்தியது. இதனை அறியாது ஒன்றை மட்டும் கருனியில் சேர்த்து மற்றொன்றை விட்டவர்க்கு, அட்டை இருந்தும் பிணையம் இல்லை.

இனி, உள்ளமைவு என்னும் வினைக்கு வருக. கருனியின் மூலநிரலைத் தொகுக்குமுன், அதில் எவை எவை இருக்க வேண்டும் என்று ஒரு நீண்ட வினாப் பட்டியலுக்கு விடை சொல்ல வேண்டும். பெரும்பாலான இயக்கிகளுக்கு மூன்று விடைகள் உண்டு. ஆம் என்பது முதல் விடை. அவ்வாறாயின் இயக்கி கருனியோடு ஒன்றாகக் கலந்துவிடும். இல்லை என்பது மற்றொரு விடை. அவ்வாறாயின் அவ்வியக்கி தொகுக்கப்படவே மாட்டாது. இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது விடை ஒன்று: கூறு. இயக்கி தனிக் கோப்பாகத் தொகுக்கப்பட்டு வட்டில் கிடக்கும்; வேண்டும்பொழுது கருனி அதனை அழைத்துக்கொள்ளும்; வேண்டாதபொழுது விடுவிக்கும். 1995இல் வெளிவந்த 1.2 பதிப்பின் காலத்தில் இம்மூன்றாம் வழி இலினக்சுக்கு வந்தது.

வட்டில் கிடக்கும் கூறுதான் எப்பொழுதும் சிறந்தது என்று ஒருவர் முடிவு கட்டிவிடலாகாது. தன்னகத்தே வட்டு இல்லாது, தன் கோப்புகள் அனைத்தையும் பிணையத்தின் வழியே வேறொரு வழங்கியிலிருந்து பெறும் கணினி ஒன்றைக் கருதுக. அக்கணினியின் பிணைய இயக்கியைக் கூறாக அமைத்து அவ்வழங்கியில் மட்டுமே வைத்தால் என்னாகும்? கூறு வழங்கியில் உள்ளது. வழங்கியை அடையப் பிணையம் வேண்டும். பிணையத்திற்குக் கூறு வேண்டும். திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டியவன் நிலை இது. ஆகலின், இத்தகைய கணினிக்கு இயக்கியைக் கருனியோடே கலந்துவிட வேண்டும். அன்றேல், தொடக்கத்தில் நினைவகத்தில் விரியும் சிறு கோப்புமுறைமையுள் அக்கூறினை முன்னரே இட்டு வைக்க வேண்டும். உள்ளமைவில் ஓரெழுத்து மாறினால் கணினி எழும்பாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முற்காலத்தில் இவ்வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வரும். நடுவில் ஒரு விடை தவறினால் பின்னோக்கிச் செல்லவியலாது. பின்னர்ப் பட்டியல் வடிவம் வந்தது. 2002ஆம் ஆண்டு உரோமன் சிப்பெல் என்பார் எழுதிய கேகான்பிக்கு என்னும் புதிய உள்ளமைவு மொழி கருனியில் ஏற்கப்பெற்று, 2003 திசம்பரில் வெளிவந்த 2.6 பதிப்பில் நிலைபெற்றது. இம்மொழியின் சிறப்பு, சார்பு கூறுதல். இன்ன இயக்கி இன்ன தடம் இருந்தால்தான் இயங்கும் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். தடத்திற்கு இல்லை என்று விடையளித்தவர்க்கு, அத்தடத்து இயக்கிகள் பட்டியலில் தோன்றவே மாட்டா. 'என் அட்டையின் பெயரே பட்டியலில் இல்லையே' என்று மயங்குவோர் தேட வேண்டியது அட்டையின் பெயரையன்று. அதற்கு மேலே எந்த வாயில் சாத்தப்பட்டுள்ளது என்பதையே. 2012 சனவரியில் வெளிவந்த 3.2 பதிப்பில் ஈதர்நெட்டு இயக்கிகள் ஆக்கிய நிறுவன வாரியாகப் பிரித்து அடுக்கப்பெற்றன. அதுமுதல், நிறுவனத்தின் பெயருக்கு ஆம் என்றால்தான் அதன்கீழுள்ள அட்டைகளைப் பற்றிய வினாக்களே எழும். நிறுவனப் பெயருக்கு ஆம் என்பதனால் மட்டும் எந்த இயக்கியும் சேர்ந்துவிடாது. அது கதவைத் திறப்பது மட்டுமே. உள்ளே சென்று வேண்டிய இயக்கியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

பெயர் என்றதும் மற்றொரு செய்தி. இயக்கி பொருந்தியபின் அட்டைக்குக் கருனி ஒரு பெயர் இடும். இலினக்சில் நெடுங்காலம் ஈத்0, ஈத்1 என்று கண்ட ஒழுங்கில் பெயர் வைத்தனர். எந்த அட்டையை முதலில் கண்டதோ அதற்கு முதற்பெயர். இரண்டு அட்டை உள்ள கணினியில், இன்று ஈத்0 ஆக இருந்தது அடுத்த தொடக்கத்தில் ஈத்1 ஆக மாறக்கூடும். ஓர் அட்டை வெளியுலகை நோக்கியும் மற்றொன்று உள்வலையை நோக்கியும் இருந்து, அவற்றின்மேல் தீச்சுவர் விதிகள் எழுதப்பட்டிருப்பின், பெயர் இடம் மாறுவது வாயிற்காவலனைக் கொல்லைப்புறத்தில் நிறுத்துவது போலாகும். இக்குறை நீங்க, 2013 சனவரியில் வந்த சிசுடம்டி 197ஆம் பதிப்பு, அட்டை அமர்ந்துள்ள இடத்தைக்கொண்டு பெயர் வைக்கும் முறையைக் கொணர்ந்தது. பெயர் நீண்டது, ஆனால் நிலைத்தது. பிரீபிஎசுடி என்னும் இயங்குதளமோ வேறு வழியைக் கைக்கொண்டது. அங்கு அட்டையின் பெயர் அதனை இயக்கும் இயக்கியின் பெயராலேயே அமையும். இன்டெல் கிகாபிட்டு அட்டை ஈஎம்0; பழைய இரியல்டெக்கு 8139 அட்டை ஆர்எல்0. பெயரைக் கேட்ட அளவிலேயே இயக்கி எது என்பது தெரிந்துவிடும். அங்கு உள்ளமைவுக் கோப்பில் இயக்கிக்கு ஒரு வரி எழுதினாற் போதும். ஆனால் பல அட்டைகளுக்கு மீபசு என்னும் பொதுக்கூறும் இன்றியமையாதது. இடத்தை மிச்சப்படுத்த அவ்வரியை நீக்கியவர்க்குக் கருனி தொகுக்கும்பொழுதே பிழை எழும்.

இதுவரை சொன்னவை பொழுதையும் உழைப்பையும் இழக்கச் செய்யும் பிழைகள். பொருளையே இழக்கச் செய்த ஒரு நிகழ்ச்சியை இனிக் கேளுங்கள். 2008ஆம் ஆண்டு செப்தம்பரில் 2.6.27 என்னும் கருனிப் பதிப்பு ஆய்வு நிலையில் இருந்தது. அதனை ஓட்டிப் பார்த்தோர் சிலரின் கணினிகளில் இன்டெல் பிணையச் சில்லுகள் செத்துப் போயின. கணினியை நிறுத்தித் தொடங்கினும், பழைய கருனிக்குத் திரும்பினும் அவை எழவில்லை. ஏனெனில், சில்லு தன் முகவரியையும் அமைவுகளையும் வைத்திருக்கும் அழியா நினைவகமே சிதைந்துவிட்டது. மென்பொருட் பிழை வன்பொருளைக் கொன்றது.

எல்லாரும் முதலில் ஐயுற்றது அச்சில்லின் இயக்கியாகிய ஈ1000ஈயையே. பல வழங்கல்கள் தம் ஆய்வுப் பதிப்புகளில் அவ்வியக்கியையே நீக்கி வைத்தன. ஆனால் எய்தவன் வேறு. இயக்கி வெறும் அம்பு. நிரலின் போக்கைத் தடம் பிடிக்கும் எப்டிரேசு என்னும் ஒரு வசதி அப்பதிப்பில் புதிதாக வந்திருந்தது. அது கருனியின் செயற்கூறுகள் தொடங்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, பின்னர் அவ்விடங்களைத் திருத்தும். ஒரு கூறு ஏற்றப்படும்பொழுது, அதன் தொடக்க நிரல் ஒருமுறை ஓடியபின் விடுவிக்கப்படும். அவ்வாறு விடுபட்ட முகவரியைக் கருனி மற்றொன்றுக்கு ஒதுக்கும். ஒதுக்கப்பட்டது சிலவேளை இன்டெல் சில்லின் அழியா நினைவகமாக அமைந்தது. குடியிருந்தவன் வீடு மாறிச் சென்றதறியாது, பழைய முகவரிக்கே சென்று சுவரை இடித்தவன் கதையாக, எப்டிரேசு அம்முகவரிக்குச் சென்றது. அங்கே, தான் எதிர்பார்த்தது இருந்தால் மட்டும் மாற்று என்னும் ஆணையையே அது இட்டது. ஆயினும் அச்செயலியில் அவ்வாணை, ஒப்பு பொருந்தாவிடினும் இருந்ததையே திரும்ப எழுதும் இயல்பினது. பொது நினைவகத்தில் அதனால் தீங்கில்லை. கருவியின் நினைவகத்தில் அவ்வெழுத்தே நஞ்சாயிற்று.

பின்னர் நிகழ்ந்தவை நினைக்கத்தக்கன. இயக்கியை எழுதியோர், குற்றம் தம்முடையதன்று என்று வாளாவிருக்கவில்லை. அழியா நினைவகத்தை எவரும் எழுதவியலாதவாறு இயக்கியிலேயே காப்பு இட்டனர். 2.6.27 பதிப்பு அக்காப்போடு அத்தோபர் 9ஆம் நாள் வெளிவந்தது. கரணியம் தெளிந்தபின், அதே திங்களில் வந்த 2.6.27.1 திருத்தம் எப்டிரேசின் அத்தடமாற்று வசதியை உள்ளமைவிலேயே முடக்கி வைத்தது. எப்டிரேசை எழுதியவராகிய சுடீவன் உரோசுடெட்டு பிழையின் வழியை வெளிப்படையாக விளக்கினார். அடுத்த பதிப்புகளுக்கு அது புதிய முறையில் எழுதப்பெற்றது. மூடிய நிரலாக இருந்திருப்பின், சில்லை விற்றவர் இயங்குதளத்தாரையும், இயங்குதளத்தார் சில்லை விற்றவரையும் மாறிமாறிக் குறைகூறிக் காலம் கழிந்திருக்கும். நிரல் எல்லார் கண்முன்னும் இருந்தமையால், சில கிழமைகளில் உண்மை வெளிப்பட்டது.

எல்லா நிறுவனங்களும் இவ்வாறு நிரலைத் திறந்து வைப்பதில்லை. பிராட்காம் நிறுவனத்தின் கம்பியில்லாப் பிணையச் சில்லுகள் பற்பல மடிக்கணினிகளில் இருந்தும், இலினக்சுக்கு இயக்கியோ, இயக்கி எழுதுவதற்குரிய குறிப்புகளோ அந்நாளில் கிடைத்தில. ஆர்வலர் இரண்டு குழுவாகப் பிரிந்தனர். ஒரு குழு அச்சில்லின் இயக்கத்தை நுணுகி ஆய்ந்து, அது இவ்விவ்வாறு நடக்கின்றது என்று குறிப்பு மட்டும் எழுதிற்று. மற்றொரு குழு, மூல இயக்கியைக் கண்ணாலும் காணாது, அக்குறிப்பை மட்டுமே கொண்டு புதிதாக இயக்கி எழுதிற்று. களவு என்று எவரும் சுட்டவியலாத நேர்மை இதில் உண்டு. அவ்வியக்கி 2006ஆம் ஆண்டு 2.6.17 பதிப்பில் கருனியுள் ஏறியது. 2010 செப்தம்பரில் அந்நிறுவனமே தன் புதிய சில்லுகள் சிலவற்றிற்குத் திறந்த இயக்கியை வெளியிட்டது. பூட்டிய கதவின்முன் அழுது நிற்காது, வேறு கதவு செய்தோரின் உழைப்பு அது.

எனினும் முழு விடுதலை கிட்டிவிடவில்லை. இயக்கி திறந்ததாக இருப்பினும், சில்லுக்குள் ஏற்றும் நிலைப்பொருள் பல அட்டைகளில் இன்னும் மூடியதாகவே உள்ளது. உள்ளமைவில் எல்லாம் சரியாக இருந்தும் கம்பியில்லா அட்டை இயங்காவிடின், முதற்கண் பார்க்க வேண்டியது நிலைப்பொருட் கோப்பு உரிய இடத்தில் உள்ளதா என்பதையே. இயக்கியைக் கருனியோடு கலந்துவிட்டு, நிலைப்பொருளை வட்டில் விட்டுவைத்தோர்க்கு இத்தொல்லை மிகுதி. ஏனெனில் வட்டு திறக்குமுன்னரே இயக்கி நிலைப்பொருளைக் கேட்டு, கிடையாது கைவிட்டுவிடும். கட்டற்ற மென்பொருட் கொள்கையில் உறுதி பூண்ட தெபியன் குழுவினரும், 2022இல் வாக்கெடுத்து, மூடிய நிலைப்பொருளைத் தம் நிறுவற்கோப்பில் சேர்க்க இசைந்தனர். 2023 சூனில் வந்த 12ஆம் பதிப்பு அவ்வாறே வெளிவந்தது. பிணையம் இன்றேல் நிறுவலே இயலாது என்னும் நெருக்கடி கொள்கையையும் வளைத்தது. இதனைக் குறை என்பாரும் உளர்; நடைமுறை என்பாரும் உளர். சில்லை ஆக்குவோர் திறக்கும்வரை இவ்வழக்கு தீராது.

இவ்வளவும் கேட்டோர், உள்ளமைவில் கைவைக்கவே அஞ்சவேண்டா. முறை அறிந்தார்க்கு அச்சமில்லை. அட்டையின் பெயர்ப்பெட்டியை நம்பாது, தடத்தில் அது சொல்லும் எண்ணைப் படித்தல் முதற்படி. ஒரே பெயர்ப்பெட்டிக்குள் வேறுவேறு சில்லு வைத்து விற்பது சந்தையின் வழக்கம். தற்பொழுது நன்கு இயங்கும் கருனியின் உள்ளமைவுக் கோப்பை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து தொடங்குதல் இரண்டாம் படி. வெறுமையிலிருந்து தொடங்குவோர் ஆயிரக்கணக்கான வினாக்களில் ஒன்றைத் தவறவிடுவர். ஒரு வேளைக்கு ஒரு மாற்றம் என்பது மூன்றாம் படி. பத்து மாற்றினால் பழுது எதனால் வந்தது என்பது தெரியாது. பழைய கருனியை அழிக்காது வைத்திருத்தல் நான்காம் படி. புதியது எழும்பாவிடின் பழையது கைகொடுக்கும்.

உள்ளமைவைச் சுருக்க ஒரு குறுக்குவழியும் உண்டு. அவ்வேளையில் ஏற்றப்பட்டுள்ள கூறுகளை மட்டும் கண்டு, மற்றவற்றை நீக்கிவிடும் கட்டளை அது. தொகுக்கும் பொழுது பெரிதும் குறையும். ஆனால் அப்பொழுது செருகப்படாதிருந்த அட்டையின் இயக்கியும் நீங்கிவிடும் என்பதை மறவற்க. வேண்டிய கருவிகளையெல்லாம் செருகி இயக்கிய பின்னரே அக்கட்டளையைத் தருதல் அறிவுடைமை. இறுதியாக ஒன்று: தொலைவிலுள்ள கணினியின் பிணைய இயக்கியை, அப்பிணையத்தின் வழியாகவே சென்று மாற்றுவோர், தாம் அமர்ந்திருக்கும் கிளையை வெட்டுகின்றனர் என்பதை உணர்க. அக்கணினியருகே ஓர் ஆளோ, வேறொரு தொடர்வாயிலோ, குறித்த நேரத்தில் பழைய கருனிக்குத் தானே திரும்பும் ஏற்பாடோ இன்றி அதனைத் தொடலாகாது.

அவையோரே! இயக்கி என்பது ஒரு சிறு நிரல். ஆயினும் மாந்தன் எழுதும் மடலும், வங்கிக் கணக்கும், மருத்துவமனையின் குறிப்பும், மாணவன் பாடமும் அந்தச் சிறு வாயிலின் வழியேதான் போய் வருகின்றன. வாயிலைக் காப்பது எது, அதன் நிரலை எழுதியவர் யார், அதனைப் படித்துப் பார்க்கும் உரிமை எவர்க்கு உண்டு என்னும் வினாக்கள் வல்லுநர்க்கு மட்டும் உரியன அல்ல. தன் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் எவ்வாறு இயங்குகின்றது என்று அறிந்தவனே தன் வீட்டிற்கு உரியவன். கற்க, கற்றதைக் கையால் செய்து பார்க்க, செய்து பார்த்ததைப் பிறர்க்கும் விளக்குக.